ஒரு வீடியோ தேர்தலை ஜெயிக்க வைக்குமா? ஊடகத்தின் பங்கை நீங்களே அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

1996 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னால், ஜெயலலிதா மறுபடி ஆட்சிக்கு வந்தால் தமிழ்நாட்டை ஆண்டவனாலும் காப்பாற்ற முடியாது என்று ரஜினிகாந்த் சொன்னார். சன் டிவி அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதிமுகவுக்குக் கிடைத்தது வெறும் 4 இடங்கள். பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். அந்த ஒரு வாக்கியம்தான் ஆட்சியைக் கவிழ்த்தது என்று இன்றும் டீக்கடையில் சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எட்டு வருடம் கழித்து 2004 மக்களவைத் தேர்தல் வந்தது. பாமக நின்ற 6 தொகுதிகளிலும் தன் ரசிகர்கள் அதற்கு எதிராக வேலை செய்வார்கள் என்று அதே ரஜினி வெளிப்படையாக அறிவித்தார். டிவி இருந்த வீடுகளின் எண்ணிக்கையும் சேனல்களின் எண்ணிக்கையும் 1996-ஐவிடப் பெருகியிருந்தன. பாமக ஆறிலும் ஜெயித்தது.

பேசியவர் அவரேதான், ஊடகத்தின் வீச்சு முன்பைவிடப் பெரியது, முடிவு மட்டும் தலைகீழ். அப்படியானால் 1996-ல் வேலை செய்தது எது? இதைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு நோட்டு, தேர்தல் ஆணையத்தின் இணையதளம், நாலைந்து நாள் பொறுமை, இவை போதும். பட்டப்படிப்பு எதுவும் தேவையில்லை. இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ‘மக்களை மீடியா ஏமாத்திடுச்சு’ என்று சொல்லிவிட்டால், கோடிக்கணக்கான பேர் வரிசையில் நின்று எடுத்த முடிவை நாம் அவமதிக்கிறோம். ‘மீடியாவுக்கு ஒரு பங்கும் இல்லை’ என்று சொன்னால், காசு கொடுத்துச் செய்தி போட வைக்கிறவர்களைத் தப்பிக்க விடுகிறோம்.

படி 1: கேள்வியை நான்காக உடையுங்கள்

‘ஊடகம் தேர்தலை மாற்றியதா’ என்பது ஒரே கேள்வி மாதிரித் தெரியும். அதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. ஒருவருடைய ஓட்டு ஒரு கட்சியிலிருந்து இன்னொன்றுக்கு மாறியதா? எந்த விஷயத்தை மனதில் வைத்து ஓட்டுப் போடுவது என்பது மாறியதா? வீட்டில் இருந்திருப்பவர் வாக்குச்சாவடிக்கு வந்தாரா, அல்லது வந்திருப்பவர் வீட்டிலேயே இருந்துவிட்டாரா? விழுந்த ஓட்டுகள் இடங்களாக மாறியதில் ஊடகத்துக்குப் பங்கு உண்டா?

முதல் கேள்விக்கு வந்திருக்கும் பதில்கள் பெரும்பாலும் ஊடகத்தின் பலத்தைக் குறைத்தே காட்டுகின்றன. 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஓஹையோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய கூட்டாளிகளும் சுமார் 600 பேரை மாதாமாதம் திரும்பத் திரும்பச் சந்தித்துப் பேசினார்கள். வானொலியும் பத்திரிகையும் ஆட்களைக் கொத்துக் கொத்தாக இழுக்கும் என்று எதிர்பார்த்துப் போனவர்கள் அவர்கள். கட்சி மாறியவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே சாய்ந்திருந்த பக்கத்துக்கே காரணம் தேடிக்கொண்டார்கள். மாறிய சிலரிலும் பலரை மாற்றியது பத்திரிகையை நேராகப் படித்தது இல்லை. படித்த ஒருவர் வந்து எடுத்துச் சொன்னதுதான். நம் ஊர் டீக்கடையில் பேப்பரைச் சத்தமாக வாசித்துக் காட்டுகிற அண்ணனை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கான பதில் வேறு. 1968-ல் வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் மெக்காம்ப்ஸ், ஷா என்ற இருவர், யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 பேரிடம் நாட்டின் முக்கியப் பிரச்சினை எது என்று கேட்டார்கள். அவர்கள் சொன்ன வரிசையும் ஊடகங்கள் இடம் ஒதுக்கியிருந்த வரிசையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. என்ன நினைக்க வேண்டும் என்று ஊடகத்தால் சுலபமாகச் சொல்லிக்கொடுக்க முடிவதில்லை. எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்று சொல்ல முடிகிறது. விலைவாசியைப் பற்றிய தேர்தலில் ஒருவர் போடும் ஓட்டும், மொழியைப் பற்றிய தேர்தலில் அதே ஆள் போடும் ஓட்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஊடகத்தின் பெரிய பலம் இங்கேதான் என்பது என் கணிப்பு.

மூன்றாவதுக்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. 2010 அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல் நாளில் ஃபேஸ்புக் சுமார் 6.1 கோடிப் பேரை வைத்து ஒன்று செய்து பார்த்தது. ‘ஓட்டுப் போட்டேன்’ என்று அழுத்திய நண்பர்களின் முகங்களைக் காட்டும் ஒரு சிறு செய்தி. கூடுதலாக விழுந்த ஓட்டு மொத்தம் சுமார் 3.4 லட்சம் என்று கணக்கிட்டார்கள். சதவீதத்தில் பார்த்தால் துளி. நெருக்கமான தொகுதியில் அந்தத் துளி போதும்.

நான்காவது கேள்வி நம் ஊரில் எல்லாவற்றையும்விட முக்கியம். அதற்குத் தனிப் படி.

படி 2: முதலில் கூட்டணிக் கணக்கைப் போடுங்கள்

1967-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஜனவரி 12-ஆம் தேதி, அப்போது திமுகவில் இருந்த எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டோடு அவர் இருக்கும் படம் சுவரொட்டியாகி மூலைமுடுக்கெல்லாம் போனது. திமுக 137 இடங்களில் வென்றது, காங்கிரஸ் 51-க்குச் சுருங்கியது. விருதுநகரில் காமராஜர் 1,285 ஓட்டில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். ‘அந்தப் போட்டோதான் ஆட்சியைப் பிடித்தது’ என்ற பேச்சு அப்போதே கிளம்பிவிட்டது.

இப்போது ஓட்டு விகிதத்தைப் பாருங்கள். காங்கிரஸ் 41.10 சதவீதம், திமுக 40.69. ஆட்சியை இழந்த கட்சிதான் கூடுதல் ஓட்டு வாங்கியது! 1962-ல் அதற்கு 46.14 சதவீதம் இருந்தது, அதனால் விகிதம் குறைந்தது உண்மை. ஆனால் எண்ணிக்கையில் 1962-ஐவிட 1967-ல் காங்கிரஸுக்கு அதிகம் பேர் ஓட்டுப் போட்டார்கள். வாக்குப்பதிவு சுமார் 71 சதவீதத்திலிருந்து 77 சதவீதத்தை நெருங்கியது அதற்கு ஒரு காரணம். புதிதாக வந்தவர்களில் பெரும்பகுதி எதிர்ப்பக்கம் போனது. அதற்கும் மேலே, 1962-ல் சிதறிக் கிடந்த எதிர்க்கட்சிகளை அண்ணா ஒரு பக்கமாகச் சேர்த்தார். ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்ட்டுகளும் ஒரே அணியில் நின்றார்கள். இது தவிர அரிசிப் பஞ்சம், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம்.

இவ்வளவையும் கழித்தால் போட்டோவுக்கு என்ன மிஞ்சும்? ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். விருதுநகர் மாதிரி ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் தீர்ந்த தொகுதிகளில் அதற்கு இடம் இருந்திருக்கலாம். ஆனால் அதே ஆயிரத்துச் சொச்சத்துக்கு அரிசியும் உரிமை கோரும், மாணவர் போராட்டமும் உரிமை கோரும். முழுப் பெருமையையும் சுவரொட்டிக்குக் கொடுக்க எந்தக் கணக்கும் இடம் தராது.

ஆகவே எந்தத் தேர்தலாக இருந்தாலும் நோட்டில் முதல் பக்கத்தில் இவற்றை எழுதுங்கள்: போன தேர்தலில் யார் யாரோடு இருந்தார்கள், இந்தத் தடவை யார் யாரோடு, எத்தனை இடங்களில் நின்றார்கள், வாக்குப்பதிவு எவ்வளவு கூடியது. ஊடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் இந்தப் பக்கம் நிறைந்திருக்க வேண்டும்.

படி 3: தேதிகளை வரிசையாக எழுதுங்கள்

1996-க்குத் திரும்புவோம். 1991-ல் அதிமுக வாங்கியது 44.39 சதவீதம். 1996-ல் 21.47. இரண்டு முறையும் காங்கிரஸ் கூட்டணி, இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு தொகுதிகள், அதனால் ஒப்பிடலாம். 1991-ல் ராஜீவ் காந்தி படுகொலையின் அனுதாபம் அந்த எண்ணை ஊதியிருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்படியும் 23 சதவீதப் புள்ளிச் சரிவு பெரியது. ஜெயலலிதாவின் வளர்ப்பு மகனுடைய ஆடம்பரத் திருமணம் 1995 செப்டம்பரில் நடந்தது. ஊழல் புகார்கள் அதற்கும் முந்தியவை. தமிழக காங்கிரஸை உடைத்து மூப்பனார் தமிழ் மாநில காங்கிரஸை (தமாகா) தொடங்கியதும் ரஜினி பேசியதும் தேர்தலை ஒட்டி. எரிந்துகொண்டிருந்த வீட்டுக்குள் கடைசியாக வந்த தீக்குச்சி அந்த வாக்கியம். கோபத்துக்கு ஒரு வாசகம் கிடைத்தது, அதன் மதிப்பு பெரியதுதான். கோபத்தை உண்டாக்கியது அது என்று சொன்னால் தேதிகள் ஒத்துவரவில்லை.

இன்னொரு பயிற்சி ஆர்.கே.நகர் இடைத்தேர்தல். 2017 டிசம்பர் 21 வாக்குப்பதிவு. முந்தின நாள், மருத்துவமனையில் ஜெயலலிதா பழரசம் குடிப்பது போன்ற வீடியோவை, சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரனின் தரப்பினர் வெளியிட்டார்கள். டிவியில் போட வேண்டாம் என்று தேர்தல் ஆணையம் தடுப்பதற்குள் அது போன்களில் பரவிவிட்டது. தினகரன் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ‘வீடியோ ஜெயிச்சது’ என்றார்கள் பலர். ஒரே ஒரு நாளில் பரவிய காட்சி நாற்பதாயிரம் ஓட்டு இடைவெளியை உண்டாக்கியது என்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அதே தொகுதியில் ஏப்ரலில் நடக்க இருந்த தேர்தல், பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டது. அதற்குப் பிறகு எட்டு மாதம் தினகரன் ஆட்கள் தெருத் தெருவாக இருந்தார்கள். ஆளுங்கட்சி இரண்டாக உடைந்திருந்தது. பட்டியலில் வீடியோ கடைசி வரியில்தான் வருகிறது.

படி 4: இதே ஆயுதம் தோற்ற தேர்தலைத் தேடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஏனென்றால் இதில்தான் நம் சொந்த நம்பிக்கைகள் உடையும். ஊடகம் ஜெயிக்க வைத்தது என்று யாராவது சொன்னால், அதே ஊடகம், அதே அளவு பலத்தோடு, தோற்ற ஓர் உதாரணத்தைத் தேடிப் பிடியுங்கள். கிடைத்துவிட்டால், ஜெயித்த இடத்தில் வேறு என்ன இருந்தது என்று கேளுங்கள்.

ரஜினி 1996-ல் திமுக–தமாகா அணிக்கு ஆதரவு. 1998 மக்களவைத் தேர்தலிலும் அதே அணிக்கு ஆதரவு. அந்த முறை அதிமுக–பாஜக கூட்டணி 39-ல் 30 இடங்களைப் பிடித்தது. 2004-ஐ மேலே சொன்னேன். மூன்று தேர்தலில் ஒன்றில்தான் அவர் பக்கம் ஜெயித்தது, அந்த ஒன்றில் ஆட்சி மீது ஊரே கொதித்துக்கொண்டிருந்தது.

2011 இதைவிடத் தெளிவு. சன் குழுமம் உச்சத்தில் இருந்தது. 2007 முதல் கலைஞர் டிவியும் சேர்ந்திருந்தது. திமுக அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சியே கொடுத்திருந்தது. பெட்டியும் அவர்கள் கொடுத்தது, உள்ளே ஓடியதில் பெரும்பகுதியும் அவர்களைச் சேர்ந்தவர்களுடையது. வடிவேலு ஊர் ஊராகப் போய் எதிரணியில் இருந்த விஜயகாந்தைக் கிண்டலடித்தார், கூட்டம் அலைமோதியது, அது நேரலையாக ஓடியது. பிரசார வண்டியில் விஜயகாந்த் தன் வேட்பாளரையே அடித்ததாகச் சொல்லப்பட்ட காட்சி நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தது. முடிவு: திமுகவுக்கு 23 இடம், விஜயகாந்தின் தேமுதிகவுக்கு 29.

நாடு தழுவிய உதாரணம் வேண்டுமென்றால் 2004-ல் அன்றைய பாஜக கூட்டணி அரசு கொடுத்த ‘இந்தியா ஒளிர்கிறது’ விளம்பரங்கள். அவ்வளவு செலவுக்கும் பிறகு பாஜக 138, காங்கிரஸ் 145.

படி 5: வீட்டுக்குள் தெரிந்த விஷயமா, திரையில் மட்டும் தெரிந்ததா?

2011-ல் அந்தப் பெரிய இயந்திரம் ஏன் தோற்றது? மின்வெட்டு. டிவி பார்க்க உட்கார்ந்தவருக்கு மின்சாரமே இல்லை. விலைவாசி ஏறியது கடைக்காரர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பையைத் தூக்கினால் தெரியும். தன் உடம்பும் சமையலறையும் சொல்வதை எந்தச் சேனலாலும் மறுத்துப் பேச முடியவில்லை.

1977-ம் அப்படித்தான். நெருக்கடி நிலையில் பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்தது, வானொலி அரசின் குரலாகவே இருந்தது. அப்படியும் உத்தரப் பிரதேசத்தின் 85 இடங்களில் ஒன்றில்கூட காங்கிரஸ் ஜெயிக்கவில்லை, ரே பரேலியில் இந்திரா காந்தியே தோற்றார். கட்டாயக் கருத்தடை நடந்த ஊர்களில் செய்தி போட வேண்டிய தேவையே இல்லை. அந்த அனுபவம் அந்த அளவுக்கு எட்டாத தமிழ்நாட்டில், அதே தேர்தலில், இந்திராவின் கூட்டணி பெருவெற்றி பெற்றது.

2015 டிசம்பர் வெள்ளம் சமூக ஊடகத்தைக் கொதிக்க வைத்தது. நிவாரணப் பொருட்களில் அன்றைய முதல்வர் ஜெயலலிதாவின் ஸ்டிக்கர் ஒட்டிய படங்கள் மாநிலம் முழுக்கச் சுற்றின. ஐந்து மாதம் கழித்து நடந்த தேர்தலில், தண்ணீரில் நின்ற சென்னையின் 16 தொகுதிகளில் 10-ஐ திமுக எடுத்தது. மாநிலம் அதிமுகவிடமே இருந்தது. படம் எல்லா ஊருக்கும் போனது. தண்ணீர் எல்லா ஊருக்கும் போகவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நாம் நேரில் பார்க்க வாய்ப்பே இல்லாத விஷயங்கள் உண்டு: எல்லையில் நடப்பது, தில்லியில் கையெழுத்தாகும் ஒப்பந்தம், நாம் சந்தித்தே இராத ஒரு சமூகத்தைப் பற்றிய பேச்சு. இவற்றில் திரை சொல்வதைச் சரிபார்க்க நம் கையில் எதுவும் இல்லை. அதுவும் ஒரே குரல்தான் கேட்கும் என்றால் பாதிப்பு பெரிதாகும். ரஷ்யாவில் 1999 நாடாளுமன்றத் தேர்தலின்போது அரசின் பிடிக்கு வெளியே இருந்த ஒரே தேசியச் சேனல் என்டிவி. சோவியத் காலத்து ஒளிபரப்புக் கோபுரங்கள் எங்கே இருந்தன என்பதைப் பொறுத்துச் சில பகுதிகளுக்கு அது தெரிந்தது, சில பகுதிகளுக்குத் தெரியவில்லை. ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டார்கள். தெரிந்த இடங்களில் அரசுக் கட்சியின் ஓட்டு சுமார் 9 புள்ளி குறைவாக இருந்தது.

அமெரிக்காவில் ஃபாக்ஸ் நியூஸ் 1996-க்கும் 2000-க்கும் இடையில் சில ஊர்களின் கேபிளில் மட்டும் சேர்ந்தது. சேர்ந்த ஊர்களில் குடியரசுக் கட்சியின் ஓட்டு 0.4 முதல் 0.7 புள்ளி வரை கூடியது. பல சேனல்கள் போட்டி போடும் நாட்டில் ஒரு சேனலின் எடை அவ்வளவுதான். ஆனால் 2000-ல் அதிபர் தேர்தலையே முடிவு செய்த ஃப்ளோரிடாவை புஷ் வென்றது 537 ஓட்டில் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த இரண்டு எண்களையும் நோட்டின் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்: போட்டி உள்ள இடத்தில் அரைப் புள்ளி, போட்டியே இல்லாத இடத்தில் ஒன்பது புள்ளி. 1996-ன் 23 புள்ளியை ஒரு டிவி வாக்கியத்தின் கணக்கில் எழுதும்போது எவ்வளவு பெரிய தொகையை எழுதுகிறோம் என்பது அப்போது தெரியும்.

படி 6: படிவம் 20-ஐத் திறந்து உட்காருங்கள்

ஒவ்வொரு தொகுதியிலும் எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை ஓட்டு என்பதைத் தேர்தல் அதிகாரி படிவம் 20-ல் வெளியிடுகிறார். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பல சமயம் ஸ்கேன் செய்த தாள்களாக இருக்கும், எண்கள் மங்கியிருக்கும். பரவாயில்லை. உங்கள் சொந்தத் தொகுதியை எடுங்கள், நீங்கள் நடந்து பழகிய தெருக்களின் எண்கள் உங்களிடம் பேசும்.

அடுத்தடுத்த இரண்டு தேர்தல்களின் தாள்களை அருகருகே வையுங்கள். சாவடி எண்ணை நம்பாதீர்கள், அது தேர்தலுக்குத் தேர்தல் மாறும். பள்ளிக்கூடத்தின் பெயரையும் தெருக்களையும் வைத்துப் பொருத்துங்கள். தமிழ்நாட்டில் 2009-க்கு முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டாம், தொகுதி மறுவரையறையில் எல்லைகளே மாறிவிட்டன. பிறகு சாவடிகளைக் குழுவாகப் பிரியுங்கள்: பிரச்சினை நேரில் தொட்ட பகுதி ஒரு குழு, செய்தியாக மட்டும் கேட்ட பகுதி இன்னொன்று. வெள்ளம் புகுந்த தெரு, புகாத தெரு. ஆலை மூடிய ஊர், பக்கத்து ஊர். ஊடகம்தான் காரணம் என்றால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு மாற்றம் இருக்க வேண்டும், ஏனென்றால் செய்தி இரண்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அனுபவம் காரணம் என்றால் முதல் குழு தனியாக நகர்ந்திருக்கும்.

ஓர் எச்சரிக்கை. ஒரு சாவடியில் ஆயிரம் பேர் இருப்பார்கள். அந்தச் சாவடி மாறியது என்பதால், அங்கே டிவி அதிகம் பார்க்கிறவர்கள்தான் மாறினார்கள் என்று எழுதிவிடாதீர்கள். தாள் தெருவைப் பற்றித்தான் சொல்கிறது, ஆளைப் பற்றி இல்லை.

சில தேர்தல்களில் இந்த வேலை பலிக்காது. 1984-ல் இந்திரா காந்தி கொலையின் அனுதாபமும், புரூக்ளின் மருத்துவமனையில் இருந்த எம்.ஜி.ஆரைக் காட்டிய ஒளிப்பதிவும் ஒரே இரண்டு மாதத்துக்குள், ஒரே கூட்டணிக்குச் சாதகமாக, எல்லா ஊரையும் ஒரே மாதிரி எட்டின. எது எவ்வளவு என்று பிரிக்க எந்த வழியும் இல்லை. அப்படிப்பட்ட தேர்தலை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

படி 7: யாருடைய டிவி, யார் கொடுத்த காசு

தமிழ்நாட்டில் இது விசேஷமான படி. சன், கலைஞர், ஜெயா, மக்கள் டிவி, கேப்டன் டிவி, வசந்த் டிவி, நியூஸ் ஜெ என்று கட்சிக்கொரு சேனல் இருந்த ஊர் இது. வெளியூர் ஆய்வாளர்கள் இதைக் கேட்டதும் மக்கள் மூளைச்சலவை செய்யப்பட்டிருப்பார்கள் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நேர்மாறாகத்தான் நடந்திருக்கிறது. நம் பாட்டிக்கும் தெரியும், ‘அது அவங்க டிவி, அப்படித்தான் சொல்வான்’. இரண்டு சேனலையும் மாற்றி மாற்றிப் பார்த்து நடுவில் உண்மை இருக்கும் என்று கழித்துக்கொள்கிற பழக்கம் இங்கே பாட்டி முதல் பேரன் வரை உண்டு. சேனல் தொடங்கியதால் பாமகவோ தேமுதிகவோ வளர்ந்ததற்கு எண்களில் அடையாளமே இல்லை.

ஆபத்து, கட்சிக்காரர் என்று தெரியாத இடத்திலிருந்துதான் வருகிறது. நடுநிலைப் பத்திரிகையில், நிருபர் பெயரில், காசுக்கு வரும் செய்தி. கண்டுபிடிக்கும் வழி: ஒரே வேட்பாளரைப் பற்றி இரண்டு பத்திரிகைகளில் ஒரே வாசகம், தலைப்பு உட்பட, ஒரே பக்கத்தில் எதிரெதிர் வேட்பாளர்கள் இருவரும் அமோக வெற்றி பெறுவார்கள் என்ற இரண்டு செய்திகள், ஒரு குறை, ஓர் எதிர்க்கேள்விகூட இல்லாத நேர்காணல். 2009 தேர்தலுக்குப் பிறகு பிரஸ் கவுன்சில் இதை விரிவாக விசாரித்து 2010-ல் அறிக்கை தந்தது. உத்தரப் பிரதேசத்தின் பிசவுலி சட்டமன்ற உறுப்பினர் உம்லேஷ் யாதவ், அப்படி வந்த செய்திக்கான செலவைக் கணக்கில் காட்டாததற்காக 2011 அக்டோபரில் மூன்று வருடம் தகுதி நீக்கப்பட்டார். 2007-ல் ஜெயித்தவர் அவர். பதவிக்காலம் முடியப் போகும்போதுதான் தீர்ப்பு வந்தது. சட்டத்தின் வேகம் இவ்வளவுதான் என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

நீங்கள் செய்யக்கூடியது: மாவட்டந்தோறும் இருக்கும் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவுக்குப் பத்திரிகை நறுக்குடன் எழுதுங்கள். துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லையென்றால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி அதுவே குற்றம். தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படத்தோடு புகார் அனுப்பலாம்.

படி 8: கருத்துக்கணிப்பை எங்கே வைப்பது

சுருக்கமாக: ஓரமாக. வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளைக் கடைசிக் கட்டம் முடியும்வரை வெளியிட 126ஏ பிரிவு தடை போடுகிறது, ஆகவே அவற்றால் ஓட்டு மாறாது. முன்கூட்டி வரும் கணிப்புகள் தொண்டரை உற்சாகப்படுத்தும் அல்லது சோர வைக்கும், நன்கொடை தருகிறவரின் கையைத் திறக்கும் அல்லது மூடும். 2004-ல் நாடே தவறாகக் கணிக்கப்பட்டது. 2016-ல் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளில் பெரும்பாலானவை திமுகவுக்கு ஆட்சி கொடுத்தன, மக்கள் கொடுக்கவில்லை.

படி 9: ஆளிடம் கேட்கும் முறை

‘டிவி பார்த்து ஓட்டை மாத்தினீங்களா’ என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். அது ‘நீங்க ஏமாந்தீங்களா’ என்று கேட்பதற்குச் சமம். ‘இந்தத் தடவை எலக்ஷன்ல எதைப் பத்தி அதிகமா பேசிக்கிட்டீங்க?’ என்று தொடங்குங்கள். அடுத்து, ‘அதை உங்களுக்கு யார் சொன்னது?’ பதிலில் பெரும்பாலும் ஒரு ஆள்தான் வருவார்: மச்சான், கடைக்காரர், மகளிர் குழுத் தலைவி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் சித்தப்பா. அந்த ஆளையும் போய்ப் பாருங்கள். லாசர்ஸ்ஃபெல்ட் 1940-ல் கண்ட அதே வழி, இப்போது போன் வழியாக ஓடுகிறது. வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவுக்குப் பலம் தருவது அதை அனுப்பிய சொந்தக்காரர்.

முழுமையாக ஒரு கணக்கு: ‘மீம்ஸ் விஜயகாந்தை அழித்ததா?’

இதுவரை சொன்னதை ஒரே வழக்கில் போட்டுப் பார்ப்போம். பலரும் சொல்வது இது: தேமுதிகவின் ஓட்டு 2006-ல் 8.4 சதவீதம், 2011-ல் 7.9, 2016-ல் 2.4. நடுவில் மீம்ஸ் வந்தது, டிவி அவரைக் கேலிப்பொருளாக்கியது, கட்சி அழிந்தது.

முதல் பக்கம், நின்ற இடங்கள். 2006-ல் தேமுதிக தனியாக 232 தொகுதிகளில் நின்றது. கிடைத்தது விருத்தாசலம் ஒன்றுதான். 2011-ல் அதிமுக கூட்டணியில் 41 தொகுதிகள், 29 வெற்றி. மாநில அளவில் ஏறக்குறைய அதே விகிதம், ஒன்றுக்கும் 29-க்கும் இடையில் இருந்தது கூட்டணி மட்டும். அந்த 41 தொகுதிகளில் அது வாங்கிய சராசரி 45 சதவீதம் வரும், அதில் பெரும்பகுதி அதிமுகவின் ஓட்டு. ஆகவே 2011-ன் 7.9 தேமுதிகவின் சொந்த பலத்தைக் காட்டும் எண்ணே இல்லை. அதை அடித்துவிடுங்கள்.

2016-ல் 104 தொகுதிகள், சுமார் 10 லட்சம் ஓட்டு. தொகுதிக்குப் பத்தாயிரத்தை ஒட்டி வரும். அன்றைய வாக்குப்பதிவில் அது 5 சதவீதத்துக்குச் சற்று மேல். 2006-ல் தொகுதிக்குப் பன்னிரண்டாயிரத்தை ஒட்டி, அதாவது எட்டரை சதவீதம் போல. ஆக நின்ற இடங்களில் சரிவு எட்டிலிருந்து இரண்டுக்கு இல்லை, எட்டரையிலிருந்து ஐந்தே காலுக்கு. 2016-ன் எண்ணில் கூட்டணியில் இருந்த மதிமுக, விசிக, இரு கம்யூனிஸ்ட் கட்சிகள், தமாகா ஆகியவற்றின் ஓட்டும் கலந்திருக்கிறது, எனவே அசல் சரிவு மூன்று புள்ளிக்கும் கூடுதல். கதையில் சொன்ன ஆறு புள்ளியில் ஒரு பெரிய பங்கு, குறைந்த இடங்களில் நின்றதால் வந்தது.

தேதிகள். 2012 முதலே அவருடைய எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவராக ஆளுங்கட்சிப் பக்கம் நகர்ந்தார்கள். 2016 மார்ச்சில் திமுகவோடு சேர மறுத்து மக்கள் நலக் கூட்டணிக்குப் போனதும், மாவட்டச் செயலாளர்கள் வெளியேறினார்கள். பூத்தில் உட்கார ஆள் குறைந்தது. கேலி அதற்கு முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது.

தோற்ற சாட்சி. 2011-ல் இதைவிடக் கொடூரமான கேலி, இதைவிடப் பெரிய திரைகளில் ஓடியும் அவர் ரிஷிவந்தியத்தில் ஜெயித்து எதிர்க்கட்சித் தலைவரானார். ஊடகம் கைவிட்டால் வளர முடியாது என்பதற்கும் எதிர்ச்சாட்சி உண்டு. பெரிய சேனல்களின் ஆதரவு இல்லாமல் யூடியூப் பேச்சுகளையே பெரிதும் நம்பிய நாம் தமிழர், ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும் தனியாக நின்று 2016-ல் 1 சதவீதம், 2019-ல் 4-ஐ ஒட்டி, 2021-ல் ஆறரையைத் தாண்டி, 2024-ல் 8-ஐத் தாண்டியது. இடம் ஒன்றுமில்லை. ஆனால் ஓட்டு ஏறிய விதத்தில் கையடக்கத் திரைக்குப் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன், காரணம் அங்கே கூட்டணி மாற்றமோ ஆட்சி அனுபவமோ பணமோ போட்டிக்கு வருவதில்லை.

மீம்ஸின் கணக்கில் எழுத மிஞ்சுவது அந்த மூன்று புள்ளிச் சொச்சத்தில் ஒரு பகுதி. அதற்கும் ஆட்கள் வெளியேறியதும், ‘இவர் ஜெயிக்க மாட்டார், ஓட்டை வீணாக்க வேண்டாம்’ என்ற நினைப்பும் பங்கு கேட்கின்றன. இவற்றைப் பிரிக்கப் படிவம் 20 வேண்டும். 2016-ல் விஜயகாந்த் டெபாசிட் இழந்த உளுந்தூர்ப்பேட்டையின் தாளை எடுங்கள். பக்கத்தில் ரிஷிவந்தியத்தின் 2011, 2016 தாள்களை வையுங்கள். நிர்வாகிகள் வெளியேறிய ஒன்றியத்துச் சாவடிகளைச் சிவப்பிலும், தங்கிய ஒன்றியத்துச் சாவடிகளைப் பச்சையிலும் குறித்துக்கொண்டு ஓட்டு எங்கே அதிகம் சரிந்தது என்று எண்ணத் தொடங்குங்கள்.